நாலு நட்டுக் கொள்கை

சமத்துவத்துக்காக மனித குலம் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறது. அதைச் சக்கரத்தின் நட்டு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்ப்புகள் செய்யும் ஒரு கம்பெனியின் பொது மேலாளர் திரு. சந்திரமோகன் அவர்களையே சேரும். அந்தப் பெருமையைச் சுமந்தவர் தேசப்பன். சுமந்தவர் என்றால் நிஜமாகவே சுமந்தவர்தான். கம்பெனியின் பெரிய பிக்கப் வண்டிக்கு அவர் டிரைவர்.

சந்திரமோகன் 'சீர்மையே சிகரம்' என்ற இரண்டு நாள் பயிற்சிக்காகக் கடற்கரை விடுதி ஒன்றுக்குப் போனார். மூன்றாம் நாள் ஞானியாகத் திரும்பினார். வந்த வேகத்தில் கேன்டீன் டம்ளர்கள் ஒரே உயரமாயின. வாட்ச்மேன்களின் மீசைகள் ஒரே அகலமாயின. அடுத்து அவர் பார்வை வண்டிகள் நிற்கும் பக்கம் போனது.

மூன்று பிக்கப்புகள் நின்றன. சின்ன வண்டியின் சக்கரத்தில் நாலு நட்டு. நடு வண்டியில் ஐந்து. தேசப்பன் வண்டியில் ஆறு. சந்திரமோகன் குனிந்து எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். ஒரே கம்பெனி, ஒரே கேட், ஒரே டீசல். நட்டில் மட்டும் இத்தனை ஏற்றத்தாழ்வா!

அன்று மாலையே 'நட்டு ஒருமைப்பாட்டுக் குழு' கூடியது. குறிப்பெடுக்க மனிதவளப் பிரிவின் அருணா வந்தார். பாதுகாப்பு அதிகாரி பார்த்திபனும் வந்தார். தேசப்பன் 'கள நிபுணர்' என்ற முறையில் அழைக்கப்பட்டார். நிபுணருக்கு நாற்காலி ஒதுக்கப்படவில்லை.

"தேசப்பன், உங்க வண்டிக்கு மட்டும் எதுக்கு ஆறு?"

"லோடு ஜாஸ்தி சார். சின்ன வண்டி முக்கா டன் ஏத்தும். என்னுது ஒன்றரை டன்னு. பிரேக் அடிச்சா அம்மாம் பாரமும் வீலு மேல வந்து குந்தும். ஆறு போல்ட்டு அத்த பங்கு போட்டுக்கினாத்தான் தாங்கும். சின்ன வண்டிக்கு நாலே போதும்."

"நாலே போதும்னு அவரே சொல்லிட்டாரு. அருணா, குறிச்சுக்குங்க."

"சின்ன வண்டிக்கு சார்!"

சந்திரமோகன் எழுந்து நின்றார். பெரிய உண்மைகளை உட்கார்ந்துகொண்டு சொல்வது அவருக்குப் பழக்கமில்லை.

"திசை எத்தனை? நாலு. மேஜைக்குக் கால்? நாலு. மாட்டுக்கு? நாலு. இயற்கையே நாலுன்னு முடிவு பண்ணியாச்சு. நாம யாரு மாத்தறதுக்கு?"

"நாலு பேரு தோள்ல தூக்கினு போறது இன்னான்னும் உங்களுக்குத் தெரியும் சார்" என்றார் தேசப்பன்.

"அதுவும் நாலுதானா? பார்த்தீங்களா!" சந்திரமோகன் மகிழ்ந்துபோனார்.

பார்த்திபன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். எந்த போல்ட் எவ்வளவு தாங்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். எல்லாம் தெரிந்த மனிதர் என்பதால் கடைசிவரை வாயே திறக்கவில்லை.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சக்கரத்துக்கு நாலு நட்டு. கூடுதலானவற்றை அந்தந்த டிரைவரே கழற்றி 'ஒப்படைக்க' வேண்டும். தன்னால் முடியாது என்றார் தேசப்பன். கஷ்டமாக இருந்தால் சொல்லலாம், சீர்மைக்கு ஒத்துவரும் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று நிர்வாகம் மிகுந்த கனிவோடு தெரிவித்தது. கல்லூரியில் படிக்கும் மகள் தேவதர்ஷினியின் முகம் தேசப்பனுக்கு நினைவில் வந்தது. ஸ்பேனரை எடுத்துத் தன் வண்டியில் சக்கரத்துக்கு இரண்டு நட்டு கழற்றினார். நடு வண்டியில் ஐந்தில் ஒன்று போனதும் சக்கரம் பல் போன வாய்போலச் சிரித்தது. கழற்றிய நட்டுகளுக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் தேசப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அதனால் அவரை வெட்டிவிட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

அதன்பிறகு தேசப்பன் ஓட்டியது வண்டி இல்லை, பயம். கவரைப்பேட்டையில் இறங்கி நட்டை இறுக்குவார். பெரியபாளையத்தில் மறுபடி இறங்குவார்.

"இன்னாண்ணா, ஊருக்கு ஊரு எறங்கி குனிஞ்சுகினு இருக்க? சாமி கும்புடறியா?" என்று லோடுமேன் குப்புராஜ் கேலி செய்தான்.

"அதுவும்தான்டா" என்றார் தேசப்பன்.

ஒன்பதாம் நாள் முழு லோடோடு திருவள்ளூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வெங்கல் தாண்டியதும் இடது முன்சக்கரத்தில் டக் டக்கென்று சத்தம். தேசப்பன் சட்டென்று காலை எடுத்து வேகத்தைக் குறைத்தார். வண்டி நிற்பதற்குள் போல்ட்டுகள் முறிந்தன. அவருடைய சக்கரமே அவரை ஓவர்டேக் செய்துகொண்டு முன்னால் ஓடியது. சரிவில் இறங்கி ஒரு வயலுக்குள் பாய்ந்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து தார் ரோட்டைக் கீறிக்கொண்டுபோய் ஓரத்தில் நின்றது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே குப்புராஜின் கை மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் தேசப்பன் காதில் தெளிவாக விழுந்தது. அவனை வெளியே இழுத்து, தன் சட்டையைக் கழற்றிக் கையைக் கட்டினார்.

முழங்கால்வரை சேறோடு ஓர் அம்மாள் வரப்பேறி வந்தாள். வயலுக்குச் சொந்தக்காரி கெங்கம்மாள்.

"யார்து நைனா இந்தச் சக்கரம்? நான் பாட்டுக்கு நாத்து நட்டுக்கினு இருக்கேன், ரெண்டடி தள்ளிப் போவுது! என் மேல ஏறியிருந்தா இன்னா பண்ணுவ?"

"நட்டு கழண்டுபோச்சும்மா."

"யாருக்கு?"

அத்தனை வலியிலும் குப்புராஜ் பதில் சொன்னான். "அவரு ஆபீஸ்ல கீறாரும்மா."

கம்பெனி மின்னல் வேகத்தில் செயல்பட்டது. மூன்றே நாளில் 'சக்கர வெளியேற்ற விசாரணைக் குழு' கூடியது. நடுநிலைமையைக் காக்கும் பொருட்டுச் சந்திரமோகனே தலைமை ஏற்றார். கையில் மாவுக்கட்டோடு குப்புராஜும் வந்திருந்தான். பார்த்திபன் குனிந்த தலையோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். அருணா அறிக்கையை வாசித்தார்.

"ஒன்று. சக்கரம் முன் அனுமதி பெறாமல் வண்டியை விட்டு வெளியேறியுள்ளது. இரண்டு. நாலு நட்டு வண்டியை ஆறு நட்டு மனநிலையில் ஓட்டியதே இதற்குக் காரணம். எனவே முழுப் பொறுப்பும் டிரைவர் தேசப்பனையே சாரும். மூன்று. முறிந்தது லோடுமேனின் சொந்தக் கை என்பதால், கம்பெனி உடைமைகளின் சேதப் பட்டியலில் அது சேர்க்கப்படவில்லை. நான்கு. கொள்கை தொடரும்."

சந்திரமோகன் தேசப்பனைப் பெருந்தன்மையோடு பார்த்தார். "ஏதாவது சொல்லணுமா?"

தேசப்பன் குப்புராஜின் கையைப் பார்த்தார். அந்த ஒன்பது நாளும் நெஞ்சில் இருந்த பயம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே நிழலில் நின்ற வெள்ளைக் காரைக் காட்டி நிதானமாகக் கேட்டார்.

"உங்க கார்ல வீலுக்கு அஞ்சு நட்டு கீது சார். வரும்போது எண்ணிப் பாத்தேன். கொள்கைன்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானே? வீலுக்கு ஒண்ணா கழட்டிட்டு வந்துடட்டா?"

பார்த்திபன் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார். சந்திரமோகன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"யோவ், அதுல கை வச்சுடாதே! அதுல மனுஷங்க போறாங்கய்யா!"