ஆவியை ஆளும் முறை

தன் முறை வர இன்னும் இரண்டு பேர்தான் பாக்கி என்றதும் பாய்லர்காரர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் வாசகர் வட்டம் அது. விஞ்ஞானக் கதை, மாயாஜாலக் கதை தவிர வேறெதுவும் அங்கே செல்லாது. இப்போது என்ன படிக்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். படிக்காததைப் படித்ததாக அளந்தால் நாற்காலி காலி. அந்தச் சட்டம் போட்டவர் தலைவி பல் டாக்டரம்மா. ஊரார் வாயைத் திறக்க வைத்தே பழகியவர், அவரிடம் மழுப்ப முடியாது.

பாய்லர்காரர் இந்த ஊருக்குப் புதிது. ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுக்கும் சலவை நிலையத்தில் நாள் முழுக்க அவருக்குப் பேச்சுத்துணை பாய்லர் ஒன்றுதான். ஒருநாள் அதனிடம் "சாப்பிட்டியா?" என்றே கேட்டுவிட்டார். மனிதர்களோடு பேசக் கிடைத்தது இந்த ஒரு நாற்காலி. இதுவும் போனால் பாய்லர் பதில் சொல்ல ஆரம்பித்துவிடும் என்று நிஜமாகவே பயந்தார்.

"நான் படிக்கிறதுல ஒரு விண்கல டிரைவர். ஆயிரம் வருஷமா பார்க்கிங் கிடைக்காம சுத்துறான். பாவம், என் பொழப்புதான்" என்றார் வாடகைக் கார் டிரைவர்.

"என்னுதுல ஒரு டிராகன். கணக்குல தப்புப் போடுறவங்களை மட்டும்தான் திங்கும். ரொம்ப நியாயஸ்தன்" என்றார் கணக்கு டீச்சர்.

"சார், நீங்க?" என்று டாக்டரம்மா பாய்லர்காரர் பக்கம் திரும்பினார்.

பாய்லர் இயக்குபவர்களுக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்ததால் பாய்லர்காரர் கதைப் புத்தகம் பக்கமே போகவில்லை. உண்மையைச் சொல்லித் தொலைப்போம் என்று துணிந்தார்.

"ஆவியை ஆளும் முறை."

அறை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஆவியா! பேரே அமர்க்களமா இருக்கே! மாயாஜாலம்தானே?" என்றார் டாக்டரம்மா.

இல்லைங்க, அது பாய்லரில் கிளம்பும் நீராவி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வெகு நாளைக்குப் பிறகு நாலு பேர் அவர் முகத்தை ஆசையாகப் பார்த்தார்கள். தலையாட்டிவிட்டார்.

"கதை என்னண்ணே?" என்றார் டிரைவர்.

"ஒரு காவல்காரன். பெரிய இரும்புக் கலம். அதுக்குள்ள ஆவி. அவன் கண்ணசந்தா ஊரே காலி."

அதுவரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"ஆவி வெளிய வரப் பார்த்தா எப்படித் தெரியும்?"

"விசிலடிக்கும்."

"ஆவி விசிலடிக்குமா!" டீச்சர் தம் கையை நீட்டிக் காட்டினார். "பாருங்க, மயிர்க்கூச்செறியுது!"

அடுத்த வாரம் அவர் உள்ளே நுழைவதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். மூலையில் உட்காரும் மௌனச்சாமிகூட அருகே நகர்ந்து வந்திருந்தார். யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போகும் பெரியவர் அவர். வயதானவர் என்று அவரை மட்டும் படித்ததைச் சொல்லச் சொல்வதில்லை; பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை.

"ஆமா, அந்த ஆவியை எதுக்காக அடைச்சு வச்சிருக்காங்க?" என்று பிடித்தார் டீச்சர்.

பாய்லர்காரருக்கு வியர்த்தது. "அது வந்து, ஒரு இளவரசிக்காக."

"அவளுக்கு எதுக்கு ஆவி?"

"போர்வையெல்லாம் காய வைக்கணுமே."

"ஒரு இளவரசிக்கு எத்தனை போர்வைண்ணே?"

"நாலாயிரம். அவ ஆஸ்பத்திரி நடத்துறா."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படி ஒரு இளவரசியை நான் எந்தக் கதையிலயும் பார்த்ததில்ல. புத்தகத்தைக் குடுங்க சார், படிச்சுட்டுத் தரேன்."

"எங்க மேனேஜர் வாங்கிட்டுப் போயிட்டாரு."

"அப்போ ஆளுக்கு ஒண்ணு வாங்கிடுவோம்" என்றார் டாக்டரம்மா.

"இப்ப அச்சுலயே இல்லைங்களே!"

"என்கிட்ட காரு இருக்குண்ணே. எங்க இருந்தாலும் தூக்கிட்டு வந்துடுறேன்" என்றார் டிரைவர்.

சொன்னபடி அடுத்த சனிக்கிழமை ஒரு கட்டோடு வந்து இறங்கினார். "பழைய புத்தகக் கடையில மேசை ஆடாம இருக்க முட்டுக் குடுத்து வச்சிருந்தாங்க. கேட்டதும் கடைக்காரர் என்னைக் கும்பிட்டாரு!"

பாய்லர்காரர் வாசலைப் பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு டீச்சர் நின்றார்.

கட்டு பிரிந்தது. புத்தகத்தைத் திறந்த டாக்டரம்மா முதலில் ஒரு குழாயின் படத்தையும் பிறகு பாய்லர்காரரையும் பார்த்தார். "கொதிகலன் இயக்குநர் தேர்வுக்கான கையேடு" என்று நிதானமாக வாசித்தார்.

டீச்சர் வேகவேகமாகப் புரட்டினார். "இளவரசி எங்க?"

"இல்லைங்க. அவளை நான்தான் இட்டுக்கட்டினேன்." பாய்லர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "புத்தகத்தைப் படிச்சது நிஜம். நீங்கல்லாம் ஆசையாக் கேட்டீங்க, நிறுத்த மனசு வரல. இந்த ஊர்ல எனக்குப் பேச வேற ஆளில்லைங்க."

அவமானம் பிடுங்கித் தின்ன, அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சட்டம்னா சட்டம்தான். எல்லாருக்கும் சேர்த்துதான் போட்டோம்" என்றார் டாக்டரம்மா. குரலில் மட்டும் உறுதி இல்லை. "யாராவது ஏதாவது சொல்லணுமா?"

டீச்சர் மூக்கை உறிஞ்சினார். டிரைவர் கார் சாவியைத் திருகிக்கொண்டு நின்றார். அப்போது, வட்டம் தொடங்கிய நாளிலிருந்து வாயே திறக்காத மௌனச்சாமி கையைத் தூக்கினார். எல்லோரும் திகைத்துத் திரும்பினார்கள்.

அவர் கூச்சத்தோடு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவரை அனுப்பிடாதீங்க. இந்தப் புத்தகத்தை எழுதினவன் நான்தான். அந்த இளவரசி எந்த அத்தியாயத்துல வர்றான்னு ஒரு வாரமா வீட்ல உக்காந்து தேடிட்டிருக்கேன்."