மிலிட்டரி லாரிக்குச் சாவி

“ஏனுங்க மிலிட்டரி! இந்த லாரியைக் கொஞ்சம் ஓரங்கட்டுங்க. பஸ்ஸு நிக்குது பாருங்க.”

எஸ்டேட் ரைட்டர் வெங்கடாசலம் ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டதும் பெரியநாயகத்தின் முகம் வெளுத்தது.

காப்பி மூட்டை ஏற்ற எஸ்டேட்டார் ஏலத்தில் எடுத்த பட்டாள லாரி அது. ஓட்டிவந்த செல்லப்பன், குப்பனூர் மலைப்பாதை வளைவுகளில் உயிர் தப்பியதே பெரிது என்று, தலைச்சோலை ரோட்டை அடைத்து நிறுத்திவிட்டு, மலைக்கோயில் சேர்வராயனைக் கும்பிடப் போய்விட்டான்.

பெரியநாயகம் எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் இதே மாதிரி லாரியில் எல்லைக்குச் சரக்கு ஓட்டியவர். அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். எந்த ரோடு, எந்தப் பாலம் என்று கேட்டால் மழுப்புவார். என்ன பருப்பு, எவ்வளவு உருளைக்கிழங்கு என்று கேளுங்கள், புட்டுப் புட்டு வைப்பார். அந்தக் கதைகளை அவர் மனைவி ஆரோக்கியசெல்வி வாய் பிளந்து கேட்பாள். இன்றோடு அந்த வாய் மூடிவிடுமோ என்பதுதான் அவர் பயம். (அந்த அம்மாள் அடுப்பங்கரைப் பக்கம் போய் யாரும் பார்த்ததில்லை. அது அவர்கள் ஊட்டு விவகாரம், நமக்கெதற்கு?)

“சாவி எங்கே?” என்றார் பெரியநாயகம்.

“தெரியலீங்களே.”

“சாவியில்லாம வண்டியில ஏறவே கூடாது. மிலிட்டரி ரூலு!”

தப்பித்தோம் என்று பீடி பற்றவைத்தார். வெங்கடாசலம் விடுகிற ஆளா? பஸ்ஸிலிருந்த அத்தனை பேரையும் இறக்கிப் புல்லுக்குள் தேடவிட்டார். பாவாயிக் கிழவி போன வருஷம் தொலைத்த சுருக்குப்பை கிடைத்தது. சாவி கிடைக்கவில்லை.

பஸ் டிரைவர் பொறுமையிழந்து, “நான் ஏறிப் பாக்கறனுங்க” என்றார்.

“தொடாதீங்க! பழக்கமில்லாத கை பட்டா நேராப் பள்ளத்துலதான் நிக்கும்.”

பஸ் டிரைவர் பயந்து பின்வாங்கினார். “அப்ப நீங்கதானுங்க எடுக்கணும். வேற ஆளில்லை.”

கூட்டம் ஆமாம் போட்டது. அப்போதுதான் ஆரோக்கியசெல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“சாவியில்லாம அவரு என்ன பண்ணுவாரு? ஓட்டியாந்தவனைப் புடிச்சுட்டு வாங்க, போங்க!”

ரைட்டரின் ஜீப் கோயிலுக்குப் பறந்தது. நெற்றி நிறைய திருநீறோடு செல்லப்பன் வந்து இறங்கினான்.

“சாவியா? பட்டாள லாரிக்கு ஏதுங்க சாவி? டிரைவர் மேல குண்டு பட்டா, அவன் பையிலயா சாவி தேடிட்டு இருப்பாங்க? யாரு வேணா எடுக்கலாமுங்க.”

ஏறினான். ஒரு சுவிட்சைத் திருப்பி, ஒரு பட்டனை அமுக்கினான். லாரி மலையே அதிர உறுமியது.

ஊரே பெரியநாயகத்தைப் பார்த்தது. அவர் ஒரே ஒரு முகத்தைத்தான் பார்த்தார்.

ஆரோக்கியசெல்வி அவர் சட்டையில் விழுந்திருந்த பீடிச் சாம்பலைத் தட்டிவிட்டாள்.

“வாங்க, ஊட்டுக்குப் போலாம், நீங்க கொழம்பு வெக்கோணும். லாரி ஓட்டறவருன்னா எங்கப்பா பொண்ணே குடுத்திருக்க மாட்டாருங்க. பட்டாளத்துல சமையக்காரருன்னு விசாரிச்சுட்டுத்தானே குடுத்தாரு!”