குருக்கள் வீட்டு முட்டைச் சொதி

தீவில் ஒருவன் கெட்டுப்போகக் கள்ளும் சீட்டாட்டமும் வேண்டியதில்லை. கையில் ஒரு போனும் குசினியில் ஒரு சட்டி தயிரும் போதும். நான் அப்படிக் கெட்டவன்.

நாங்கள் நயினாதீவில் கோயில் பூசை செய்யும் குடும்பம். எங்கள் குசினிக்குள் முட்டை நுழைந்ததே இல்லை. எனக்குப் பெண் தர யோசித்த வேலணைக் குருக்கள் வீடு பார்க்க வருவதாகச் சொன்ன நாளில் அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். அப்பாவுக்குக் கற்பூரம் கொளுத்தத் தெரியும், அடுப்புக் கொளுத்தத் தெரியாது. நான் சமைக்கிறேன் என்றேன். (அதுவரை நான் சமைத்தது தேத்தண்ணீர் மட்டும். அதுவும் பால் விடாத வெறும் தேத்தண்ணீர்.)

தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகத் தயிர் விட்டால் இதயத்துக்கு நல்லது என்று போனில் ஒரு அம்மையார் சொல்லியிருந்தார். என் இதயத்தில் பெரிய குறை ஒன்றும் இல்லை. திருவலையில் குந்தித் தேங்காய் திருவப் பஞ்சி, வெறும் சோம்பல், அவ்வளவுதான். கத்தரிக்காய்க்குத் தயிர், பூசணிக்காய்க்குத் தயிர். ஆறிய பிறகு விட்டதால் இரண்டும் தப்பிவிட்டன. தேங்காய் உடைத்தாயா என்று அம்மா அறைக்குள்ளிருந்து கேட்டபோது, விஞ்ஞானி தோரணையில் "ஓம்" என்றேன்.

வள்ளம் வந்துவிட்டது என்று அப்பா குரல் கொடுத்தார். அவசரத்தில், மஞ்சள் போட்டுத் தளதளவென்று கொதித்த, தேங்காய்ப்பால் விடவேண்டிய சொதிக்குள் மிச்சத் தயிரைக் கவிழ்த்தேன். அது திரைந்து, வெள்ளைக் கட்டிகளாக மஞ்சள் தண்ணீரில் மிதந்தது. வாயில் வைத்துப் பார்த்தேன், புளிப்பு நன்றாகத்தான் இருந்தது. வந்து உட்கார்ந்த குருக்களின் இலையில் ஊற்றிவிட்டேன்.

குருக்கள் ஒரு கட்டியை விரலால் புரட்டினார். மற்ற வீடுகளில் சொதிக்குள் முட்டை உடைத்து ஊற்றுவார்கள் என்பதும், அது எப்படியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. (எப்படித் தெரியும் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.)

"தம்பி, முட்டை விட்டனீரோ?"

அப்பாவின் முகம் விபூதியை விட வெளுத்தது. இந்தச் சொல் வெளியே போனால் என் கல்யாணம் மட்டுமல்ல, அவருடைய பூசையும் போய்விடும். தயிர் என்றேன். சொதிக்குள் தயிரை எவன் விடுவான் என்று கேட்டுவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போனவர் நெடுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் குப்பைக் கிடங்கைத் தடியால் கிண்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்.

"முட்டைக்கோது இல்லை. சரி. ஆனால் ஒரு சிரட்டையும் இல்லை. பொம்பிளை தர வந்த ஆக்களுக்கு ஒரு தேங்காய் உடைக்க உங்களுக்கு மனம் வரேல்லையோ?"

கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை, கஞ்சத்தனத்துக்கு ஆயுள் தண்டனை. அறைக்குள் அம்மா காய்ச்சலோடு எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. வெட்கத்தில் நான் செத்தே போனேன்.

சம்பந்தம் வேண்டாம் என்ற முடிவோடுதான் குருக்கள் வீட்டுக்குப் போனாராம். கதையைக் கேட்ட மகள், சமைத்தது மாப்பிள்ளைதானா என்று மட்டும் விசாரித்தாளாம். அவர் தலையாட்டியதும், "அப்ப ஓமெண்டு சொல்லுங்கோ அப்பா. மிச்சத்தை நான் பழக்கிறன்" என்றாளாம்.

பழக்கினாள். அடுப்பை அணைத்து, தயிரைக் கடைந்து, மெல்ல மெல்ல விடவேண்டும். இன்று தயிர்ச் சொதியில் என்னை வெல்ல ஆளில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதன் பெயர் முட்டைச் சொதிதான். போன வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு அக்கா எங்கள் சின்ன மகளிடம், ஐயர் வீட்டில் இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டார். பிள்ளை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"முட்டைச் சொதி. அப்பா வச்சவர்."

உள்ளே பூசையில் என் அப்பாவின் மணி நின்றுவிட்டது.