பிரட்டுத் தண்டவாளமும் என் அன்புப் பிரசங்கமும்

இந்த வட்டாரத்தில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. காய்ச்சல் காலத்தில் தன் உயிரைப் பெரிதாக நினைக்காமல் நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்டியவன் என்று. சாமியார் ஒருவர் பூசையில் வைத்தே அதைச் சொல்லிவிட்டதால், நாற்பது வருடமாக அந்தப் பெயர் என்னை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையில் கஞ்சி ஊட்டும் வேலை எனக்குத் தண்டனையாகக் கொடுக்கப்பட்டது. (என் மனைவி இதை ஏற்கெனவே பாதி ஊருக்குச் சொல்லிவிட்டாள். மீதிப் பாதிக்கு நானே எழுதிவிடுவதுதான் மரியாதை.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மலாயாவில், நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் நின்று ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது என் பொறுப்பு. களத்து ஓரத்தில் ஒரு மரக்கிளையில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். அதை இரும்புக் கம்பியால் தட்டினால் போதும், ஆட்கள் குடியிருக்கும் நான்கு லயங்களிலிருந்தும் ஆணும் பெண்ணும் வாளியும் கத்தியுமாக ஓடி வந்து வரிசையில் நிற்பார்கள். வராதவர்களுக்கு அன்றைக்குப் பேர் கிடையாது. பேர் இல்லையென்றால் கூலியும் இல்லை.

தோட்டத்தில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், இருபது வீடு இருந்தோம். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஓர் அறைதான் எங்கள் கோயில். மலாக்காவிலிருந்து சாமியார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவது நான். பக்தி அதிகம் என்பதற்காக என்னிடம் கொடுக்கவில்லை. தட்டுத்தடுமாறாமல் படிப்பேன், குரல் பெரியது, அவ்வளவுதான். அந்தக் குரலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். குளிக்கும்போதுகூடப் பிரசங்கம்தான் செய்வேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில், உலகத்தையெல்லாம் சுற்றிய அந்த விஷக்காய்ச்சல் போகிற போக்கில் எங்கள் தோட்டத்துக்குள்ளும் நுழைந்தது. ஒரே வாரத்தில் லயத்துக்குப் பத்துப் பேர் படுத்தார்கள். மூன்று பேரைப் புதைத்தோம். ஸ்டோருக்குப் பக்கத்திலிருந்த ரப்பர் ஷீட் காயவைக்கும் கொட்டகையைக் காலி செய்து, முடியாதவர்களை அங்கே படுக்க வைத்தார்கள். கூட்டம் கூடக் கூடாது என்று துரை உத்தரவு போட்டார். பிரட்டு நின்றது. கோயில், திருவிழா, கோழிச்சண்டை எல்லாம் நின்றன.

கொட்டகையைக் கவனித்தது இரண்டே பேர். ஒருவர் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் எங்கள் டிரெஸ்ஸர் தங்கையா, மலாக்கா டவுனில் பிறந்தவர், கோபக்காரர். இன்னொருவர் மாரியாயி அக்கா. மூன்றாம் லயத்துக்காரர், கோயிலுக்கும் வேதத்துக்கும் சம்பந்தமில்லாதவர். யாரும் கேட்காமலே தன் பானையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை டிரெஸ்ஸர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கிராணி, எனக்கு ஒரு ஆள் வேணும். கஞ்சி ஊட்ட ஆளில்லை. உங்க ஜனத்துலயே ஏழு பேர் கிடக்குறாங்க. அந்த ஆரோக்கியமேரி பொண்ணுக்குத் தாயுமில்லை தகப்பனுமில்லை, ரெண்டு நாளா தலையே தூக்கலை."

"வர முடியாதுங்களே டிரெஸ்ஸர். ஞாயித்துக்கிழமைக்குப் பிரசங்கம் எழுதிக்கிட்டிருக்கேன்."

"எதைப் பத்தி?"

"அன்பைப் பத்தி."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். (அந்தப் பார்வைக்கு அர்த்தம் புரிய எனக்கு மூன்று நாள் ஆயிற்று. பிரசங்கத்தில் நான் அவ்வளவு மும்முரம்.) எனக்குப் பயம். உயிர்ப்பயம். அதைப் பயம் என்று ஒப்புக்கொள்ளாமல் பதினோரு தாள் எழுதினேன்.

கோயில் மூடியிருக்கும்போது எங்கே பேசுவது? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். நான்கு லயத்துக்கும் நடுவில் இருப்பது பிரட்டுக் களம். அங்கே நின்று உரக்கப் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். வேதக்காரர்கள் அவரவர் வாசற்படியில் நின்றபடியே செபத்தில் சேர்ந்துகொள்ளலாம். கூட்டமும் இல்லை, உத்தரவை மீறியதாகவும் ஆகாது. இருபது வீட்டுக்கும் தெருவில் நின்றபடியே சொல்லி வந்தேன்: "ஞாயித்துக்கிழமை காலை எட்டு மணிக்கு மூணு தட்டு தட்டுவேன். படியை விட்டு இறங்காதீங்க."

எதைத் தட்டுவேன் என்பதை நான் யோசிக்கவே இல்லை. கோயில் கைமணி முதல் லயத்தைத் தாண்டிக் கேட்காது. தண்டவாளம் இருக்கவே இருக்கிறது.

ஞாயிறு காலை வெள்ளைக் கோட்டு, துவைத்த வேட்டி, தலையில் அரைப்புட்டி எண்ணெய். களத்தின் நடுவில் ஒரு பால் டின் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, பதினோரு தாளையும் கோட்டுப் பையில் சொருகிக்கொண்டேன். பிறகு போய்க் கம்பியை எடுத்து ஓங்கி மூன்று தட்டு தட்டினேன்.

திரும்பி வந்து பெட்டிமேல் ஏறி, கண்ணை மூடி, சிலுவை போட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தால், தோட்டமே வந்துகொண்டிருந்தது.

சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாதி முகம் கழுவி, வாளியும் கத்தியுமாக, நான்கு பக்கத்திலிருந்தும் முந்நூறு பேர். நான் எச்சரித்து வைத்திருந்தது இருபது வீட்டை. மற்றவர்களுக்கு என்ன தெரியும்? பிரட்டு இல்லாத நாளில் தண்டவாளம் அடித்தால் ஏதோ அவசரம். போகாவிட்டால் பேர் போய்விடும். வேதக்காரர்களும், எல்லாரும் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் படியை விட்டு இறங்கி ஓடி வந்தார்கள். தினமும் அந்தக் கூட்டத்தைக் கூட்டுபவனே நான்தான். எனக்கே இது தோன்றவில்லை என்றால் என் மூளையைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

"போங்க! வீட்டுக்குப் போங்க! இது பிரட்டு இல்லை, செபம்!" என்று கத்தினேன்.

"பேர் கூப்பிடுங்க ஐயா, நின்னுட்டோம்ல" என்றது முன்வரிசை.

நான் பதில் சொல்வதற்குள் கூட்டம் தானாகவே இரண்டாகப் பிளந்தது. ஸ்டோர் பக்கமிருந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். ஒன்பது பேர். காய்ச்சல் மயக்கத்திலும் அந்தச் சத்தம் அவர்களை எழுப்பிவிட்டது. மாரியாயி அக்கா பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வந்தார். ஒன்பது பேரும் வழக்கமான இடத்தில் வழக்கம்போல வரிசையாக நின்றார்கள். கடைசியில் நின்ற ஆரோக்கியமேரி என்னைப் பார்த்து, "வந்துட்டேன் ஐயா, பேர் போடுங்க" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே சரிந்தாள்.

முந்நூறு பேரும் பின்னால் நகர்ந்தார்கள். நானும்தான் நகர்ந்தேன். பெட்டிமேல் நிற்கிறோம் என்பது மறந்துபோனதால், நகர்ந்த வேகத்தில் வெள்ளைக் கோட்டோடு சேற்றில் மல்லாந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பத்திரமாக எடுத்துவைத்துப் பிற்பாடு பல வருடங்கள் சிரித்தார்கள்.

"அலாமாக்!" என்று மலாயில் அலறிக்கொண்டு டிரெஸ்ஸர் வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார். விழுந்து கிடந்த பெண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யார் தட்டினது?"

"நான்தான்."

"தட்டினவன் தூக்கு."

தூக்கினேன். தீக்கட்டை மாதிரி சுட்டது அவள் உடம்பு. கொட்டகை வரை நடந்த அந்த நூறு கஜமும் நான் சொன்ன செபத்தில் பொய் இல்லை. இந்தப் பெண் செத்தால் அது என்னால்தான். பதினோரு தாளில் எங்கேயும் இவ்வளவு தெளிவாக நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கொட்டகை வாசலில் டிரெஸ்ஸர் தீர்ப்புச் சொன்னார்: "இனி நீ வெளியே போனா மத்தவங்களுக்கு ஆபத்து. ரெண்டு வாரம் இங்கேதான். துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன்." என் கோட்டுப் பையில் நான் சொருகியிருந்த தாள்களையும் உருவிக்கொண்டார். பின்பக்கம் காலியாக இருந்ததால் நோயாளிகளின் காய்ச்சல் அளவை அதில் எழுதிவைத்தார். என் எழுத்து யாருக்காவது பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கே திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் மனைவி படிப்பாள். முதல் வேலையாக ஆறடி மூங்கில் கம்பைத் தேடிப்பிடித்து அதன் நுனியில் அகப்பையைக் கட்டினேன். வாசல் பக்கம் நின்றபடி, துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு, அந்தக் கம்பால் கஞ்சி ஊட்டினேன். கம்பின் நுனி அதன் பாட்டுக்கு ஆடியது. கஞ்சி தலையணைக்குப் போயிற்று, காதுக்குப் போயிற்று, பெரும்பாலும் கழுத்துக்குப் போயிற்று. மாரியாயி அக்கா என் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போனார்.

மூன்றாம் நாள் ஆரோக்கியமேரிக்குக் குரல் வந்தது. அவள் பேசிய முதல் வார்த்தை: "ஐயா, வாய் கொஞ்சம் மேல இருக்கு."

கம்பைக் கீழே போட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையால் ஊட்டினேன். வெட்கம் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது, வேறொன்றுமில்லை. ஒன்பது பேரில் எட்டுப் பேர் பிழைத்தார்கள். பிழைக்காத கிழவர் களத்துக்கு வந்திராவிட்டாலும் போயிருப்பார் என்று டிரெஸ்ஸர் சொன்னார். அதை நான் நம்பினேனா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து வந்த சாமியார் பாதிக் கதையைக் கேட்டுவிட்டு, பூசையில் என்னை மெச்சிப் பேசினார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் அதை அடக்கம் என்று நினைத்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அடுத்த வருடம் அந்தச் சிரிப்பையே கல்யாணம் செய்துகொண்டேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். நான் யாருக்காவது புத்தி சொல்லத் தொண்டையைக் கனைத்தால், ஆரோக்கியமேரி (வீட்டில் மேரி) சமையலறையில் சட்டியை மூன்று தட்டு தட்டுவாள். பிள்ளைகளும் இப்போது பேரப்பிள்ளைகளும் கையில் கிடைத்த வாளியோடு வந்து வரிசையில் நிற்பார்கள். இதுவரை ஒரு புத்திமதியையும் நான் முடித்ததில்லை.

போன மழைக்காலத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல். யாரும் கிட்டே வரக்கூடாது என்று அறைக்குள் படுத்துக்கொண்டேன். கதவு திறந்தது. மேரி வாசலில் நின்றாள். கையில் ஆறடிக் கம்பு, நுனியில் அகப்பை.

"வாயைத் திறங்க, அன்பு வருது" என்றாள்.

கஞ்சி குறி தப்பாமல் என் கழுத்தில் விழுந்தது. பின்னால் நின்ற பேரப்பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அவள் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் என் கழுத்தைத் துடைத்தாள்.

"தள்ளிப் போ மேரி, உனக்கும் ஒட்டிக்கும்" என்றேன்.

"வந்துட்டேன் ஐயா" என்றாள் அவள், கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு. "பேர் போடுங்க."