டப்பாக்காரரின் தறிகெட்ட தாளம்

சும்மா கிடந்த தாளத்தை வம்புக்கு இழுத்தவர் என்று திருப்பூரில் யாருக்காவது சிலை வைப்பதென்றால், எங்கள் டப்பாக்காரருக்குத்தான் வைக்க வேண்டும். சிலைக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களுக்குக் காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்துவிடலாம். பனியன் ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்?

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருஷங்களில் நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு ஆங்கிலத்தில் பொய் சொல்வதும், அதையே முதலாளிக்குத் தமிழில் சொல்வதும் என் உத்தியோகம். டப்பாக்காரர் அங்கே எலக்ட்ரீஷியன். கலைந்துபோன ஏதோ ஆர்கெஸ்ட்ராவிடமிருந்து ஒரு ஜப்பான் ட்ரம் மெஷினை வாங்கி, சோற்றுப் பையோடு தினமும் கொண்டுவருவார். அவருடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

அந்த டப்பாவில் பித்தான்களை வரிசையாகத் தட்டி வைத்தால், வைத்த தாளம் சுற்றிச் சுற்றி வரும். உலகம் அதோடு திருப்திப்பட்டுக்கொண்டது. இவர் பெரிய ட்ரம்முக்குப் பதினாறு அடியில் ஒரு சுற்று, மணிச் சத்தத்துக்கு ஏழு, கைதட்டல் சத்தத்துக்கு ஐந்து என்று மூன்றையும் மூன்று வழியில் அனுப்பிவிடுவார். கூட்டணிக் கட்சிகள் போல அவை ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு திரிந்து, ஒரு நிமிஷத்துக்கு மேல் கழித்து ஒரே ஒரு அடியில் சேரும். போதாததற்கு ஒரு திருகியைத் திருகி, எந்த அடி வரும், எது வராது என்பதையும் டப்பாவின் இஷ்டத்துக்கே விட்டுவிடுவார்.

"அடுத்த அடி எப்ப வரும்னு தெரிஞ்சு போச்சுன்னா, அப்புறம் என்னத்துக்குங்க தம்பி கேக்கோணும்?" என்பார்.

அவருக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஆசை. மூன்றும் சேரும் அந்த அடி வரைக்கும் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். கேண்டீனில் டப்பாவைத் திறந்தால் டீ ஆறுவதற்குள் பெஞ்சு காலியாகிவிடும். எனக்கு அந்த நேரம் பார்த்து பையரிடமிருந்து போன் வரும். வராவிட்டாலும் எடுப்பேன்.

மூலனூர்ப் பக்கம் ஒரு கோயில் நோம்பித் திருவிழாவுக்கு ஒரு பாட்டுக் குழு தெரியாத்தனமாக இவரை மேடையேற்றியது. பாடகி பல்லவியை எடுக்க வாயைத் திறந்தபோதெல்லாம் டப்பா வாயை மூடிக்கொண்டது. கடைசியில் அந்த அம்மாள் மைக்கை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். கரண்டில் ஏதோ கோளாறு என்று கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. கூட்டம் அப்படியே லயித்துப்போய்விட்டதாக இவர் வந்து சொன்னார்.

இப்படி இருக்கையில், ஒரு லாட் டி-ஷர்ட் அவசரமாகத் தூத்துக்குடியில் கப்பலேற வேண்டியிருந்தது. கப்பலை விட்டால் கம்பெனி செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். பேய் பிசாசுக்குப் பயப்படாத முதலாளிகளும் 'ஏர்ல போகுது' என்று கேட்டால் மாத்திரையைத் தேடும் ஊர் இது. தையல் ஹாலில் வேகமான பாட்டு போட்டால் டைலர்களின் கால் அதே வேகத்தில் மிஷினை மிதிக்கும் என்பது எங்கள் தொழில் ரகசியம். அன்றைக்குப் பார்த்துப் பாட்டுப் பெட்டி படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் மேனேஜர் டப்பாவை ஸ்பீக்கரில் மாட்டச் சொன்னார்.

"ஒரே மாதிரி, வேகமாப் போடுங்க. அந்தத் திருகியத் தொட்டீங்கன்னா நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாங்க."

கொங்கு நாட்டில் வேலையை விட்டுத் தூக்குவதும் 'ங்க' போட்டுத்தான்.

காலையில் டப்பா ஒழுங்காக அடித்தது. தைத்த துணி மலையாகக் குவிந்தது. மேனேஜருக்குச் சிரிக்கக்கூடத் தெரியும் என்று அன்றுதான் கண்டோம். டப்பாக்காரர் முகத்தைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் எதிரே எழுந்து ஓட முடியாத ரசிகர்கள் ஹால் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பசித்தவனைப் பந்திக்குக் காவல் வைத்த கதைதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றையும் பழையபடி மூன்று வழியில் அனுப்பிவிட்டார்; கை திருகிக்கும் போய்விட்டது.

முதலில் ஒரு மணியைக் காணோம். அப்புறம் ட்ரம் தள்ளி விழுந்தது. மிஷின்கள் ஓடின, திக்கின, நின்றன, மறுபடி ஓடின. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த மெர்சி, டி-ஷர்ட்டின் கீழ் மடிப்பு தைப்பவர், கையை விரித்துவிட்டார்.

"என்ன எழவுண்ணே இது. என் காலு நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கு, ஒங்க டப்பா சொல்றதத்தான் கேக்கு. மேனேஜர் வாராரு, அமத்துங்க."

நிறுத்தியிருந்தால் வேலை தப்பியிருக்கும். அவர் ஒரு விரலைத் தூக்கினார்.

"செத்த இருங்க கண்ணு. மூணும் சேரப் போகுதுங்க."

டப்பாவின் இஷ்டம், அன்றைக்கு அது அவர்மேல் இரக்கப்பட்டது. மூன்றும் சேர்ந்து விழுந்தன. ஹாலில் இருந்த அத்தனை கால்களும் ஒன்றாக மிதித்தன, ஒன்றாக நின்றன. பகல் ஷிப்டில் அப்படியொரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. மெர்சிதான் முதலில் பேசினார்.

"இன்னொருக்கா வருமாண்ணே?"

அதற்குள் மேனேஜர் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

மடிப்பெல்லாம் கோணிப்போய், பிரித்துத் தைப்பதற்குள் லாட் கப்பலைத் தவறவிட்டு விமானம் ஏறியது. முதலாளி மாத்திரை போட்டார். நான் பையருக்கு மழை, வெள்ளம் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். டப்பாக்காரரை மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். வாசலில் டப்பாவை டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டிருந்தவரிடம் ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். மனுஷன் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நின்றார்.

"எந்திரிச்சுப் போகாம கேட்டாங்க தம்பி," என்றார்.

கழித்துக் கட்டிய சட்டைகளில் ஒன்றை மெர்சி தேடியெடுத்து, "இதுலதான் சார் அந்த அடி இருக்கு" என்று என்னிடம் கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன். வீட்டில் தரை துடைக்க எடுக்கும்போதெல்லாம் பிடுங்கிக்கொள்கிறேன். கீழ் மடிப்பில் விரலை வைத்தால் தையல் ஓடுகிறது, திக்குகிறது, நிற்கிறது. ஓரிடத்தில் நூல் முடிச்சாகத் திரண்டிருக்கிறது. போன் அடித்தாலும், விரல் அந்த முடிச்சைத் தொடாமல் நான் இப்போது எழுந்திருப்பதில்லை.