மதினிக்குத் தைரியம் சொல்லப் போன நாள்

அடுத்தவருக்குத் தைரியம் சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதில் எனக்கென்று ஒரு கைப்பிடி எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் இல்லை.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். பனியன் கம்பெனி, மூணாறு தேயிலை, நூல் மில் என்று சுற்றி, மில்லில் ஒரு விரல் நுனியையும் விட்டுவிட்டு வந்தேன். (மீதி ஒன்பதே முக்கால் போதும்.) அதனால் அகரத்தில் இருக்கும் அண்ணன் மனைவி, மார்பில் கட்டி மாதிரி தட்டுப்படுகிறது என்று ரகசியமாகச் சொன்னபோது, "இம்புட்டுத்தானா? வா மதினி, பாத்துட்டு வந்துருவோம்" என்றேன்.

இரண்டு மாதமாக அண்ணனிடம்கூடச் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். ஆம்பளை டாக்டர் பார்ப்பாரோ, மார்பைப் படம் எடுக்கும் மேமோகிராம் மிஷின் நசுக்கினால் கட்டி உடைந்து பரவிவிடுமோ என்று பயம். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும், "நீ மொதல்ல எடு. நீ ஒன்னுமில்லன்னு சொன்னாத்தான் நான் போவேன். இல்ல, அடுத்த பஸ்ஸப் பிடிச்சிருவேன்" என்றாள். நாற்பதைத் தாண்டிய எனக்கும் எடுத்துப் பார்ப்பது நல்லதுதான் என்றார் டாக்டரம்மா. சரியென்று போனேன்.

உள்ளே படம் எடுக்கும் பெண் ஒருத்திதான் இருந்தாள். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். வலித்தது, பத்து எண்ணுவதற்குள் விட்டுவிட்டது. (பனியன் கம்பெனி சூப்பர்வைசர் வாய் இதைவிட வலிக்கும்.) வெளியே வந்து மதினியிடம் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு இன்னொரு தடவ எடுக்கணும். படத்துல வெள்ளையா புள்ளி புள்ளியாத் தெரியுது."

அவ்வளவுதான். வராந்தாவிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேன். "மதினி, எம் மகளப் பாத்துக்க! ஆட்ட வித்துராத, கருப்பாடு சினையா இருக்கு!" காத்திருந்த பெண்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் என்னோடு சேர்ந்து அழவும் செய்தார்கள்.

மதினி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "இவ அழுது முடிக்கச் செத்த நேரமாகும். அதுக்குள்ள எனக்கு எடுத்துரும்மா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

அவள் வெளியே வந்த பிறகு அந்தப் பெண் என்னிடம், "பவுடர் போட்டுட்டு வந்தீங்களா?" என்றாள்.

போட்டிருந்தேன். ரவிக்கையைக் கழற்றப்போகிற இடத்துக்கு வியர்வை நாற்றத்தோடா போவது என்று, கழுத்திலிருந்து அக்குள் வரை அரை டப்பா! அந்தத் துகள்தான் படத்தில் புள்ளியாக விழுந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். ஒரு புள்ளியும் இல்லை.

மதினிக்கு ஸ்கேனும் எடுத்தார்கள். வெறும் நீர்க்கட்டி. "எல்லாக் கட்டியும் புற்றுநோய் கெடையாதும்மா. ஆனா காட்டாம எப்படித் தெரியும்?" என்றார் டாக்டரம்மா. இரண்டு மாதம் வராத அழுகை மதினிக்கு அப்போதுதான் வந்தது.

இப்போது அகரத்தில் எவளாவது பரிசோதனைக்குப் போகப் பயந்தால், மதினியே என் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புகிறாள்:

"எங்க நாத்தனாளக் கூட்டிட்டுப் போ. ஒனக்கும் சேத்து அவளே அழுதுருவா."