மலைக்கு இரண்டு பக்கமும் டெல்ஃபினா

என் மனைவியை ஒரே ஒரு படம் எடுத்தே தீருவது என்று சபதம் செய்தேன். சிரிக்காதீர்கள். அமெரிக்கப் பாலைவனத்தில் உள்ள டூசான் நகரைச் சுற்றியுள்ள அத்தனை மலைகளையும் அகல அகலமாகப் படமெடுத்து, காலண்டர்காரர்களுக்கு விற்றே தலை நரைத்தவன் நான். கள்ளிகூட எனக்கு ஒழுங்காக நின்று முகம் காட்டும். டெல்ஃபினா காட்டமாட்டாள். எங்கள் கல்யாணப் படத்திலேயே அவள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் பூச்செண்டுதான் இருக்கிறது.

இப்போது அவளுக்குப் புற்றுநோய். முடியெல்லாம் கொட்டிவிட்டது. கிறிஸ்துமஸ் என்று பேச்செடுத்தால் டாக்டர் ஜன்னலைப் பார்க்கிறார். நவம்பரில் மெக்சிகோ வழிவந்த எங்கள் வீடுகளில் மேஜைமேல் செண்டுமல்லி பரப்பி, இறந்தவர்களின் படம் வைத்து, ரொட்டி படைப்போம். படம் இல்லாவிட்டால் போனவர்களுக்குத் திரும்பிவர வழி தெரியாதாம். அவள் வழி தெரியாமல் எங்கேயோ நிற்பதை நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை. இதை அவளிடமே எப்படிச் சொல்வது? அதனால் சதி செய்தேன்.

சாயங்காலம் கேட்ஸ் கணவாய்க்கு அழைத்துப் போனேன்.

"அந்தப் பாறையில உக்காரு கிழவி. நான் மலையை மட்டும்தான் எடுக்கப்போறேன்."

என் கேமரா முக்காலியில் இடமிருந்து வலமாகத் தானே மெல்லச் சுற்றி, அத்தனையையும் ஒரே நீளப் படமாக எடுக்கும். வலக்கோடியில் அவள். கேமரா அவளை நெருங்கியதும் எழுந்து என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டாள்.

"ஏன் எந்திரிச்சே?"

"பாறை சுடுது."

மறுபடி எடுத்தேன். எறும்பாம். மறுபடியும் எடுத்தேன்.

"கிழவா, மேஜையில வைக்கத்தானே?"

லென்ஸைத் துடைத்தேன். ஈரம் லென்ஸில் இல்லை.

"நேராக் கேட்டா என்ன?"

"கேட்டா நிப்பியா?"

"மாட்டேன். அதுக்காகக் கேக்கக்கூடவா கூடாது?"

சொல்லிவிட்டு, தானே இடக்கோடிக்குப் போய், தலைத்துணியை இறுக்கிக்கொண்டு, போலீஸ் படத்துக்கு நிற்பதுபோல் நின்றாள். ஜெயித்துவிட்டேன்! காற்று பலமாக இருந்ததால் முக்காலியை அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். பின்னால் சரளை நொறுங்கும் சத்தம் கேட்டது. சுற்று முடிந்து நிமிர்ந்தால், அவள் பழைய பாறையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"உன்னோட குடும்பம் நடத்தினா வாங்காதா?"

படத்தைக் கழுவிப் பார்த்தேன். இடக்கோடியில் முறைக்கும் டெல்ஃபினா. நடுவே மலைத்தொடர் முழுவதும். வலக்கோடியில் இன்னொரு டெல்ஃபினா! தலைத்துணி கையில் பறக்க, மொட்டைத் தலையில் அந்தி வெயில் அடிக்க, வாய்விட்டுச் சிரிக்கிறாள். கேமரா தன்னைத் தாண்டியதும் என் முதுகுக்குப் பின்னால் ஓடி, அது வந்துசேருமுன் மறுகோடிக்குப் போயிருக்கிறாள்.

"எதுக்கு ரெண்டு?"

"ஒருத்தி உன்னைத் திட்டிக் களைச்சுப்போனா, இன்னொருத்தி தொடரவேண்டாமா?"

"இவ்வளவு நீளம் மேஜையில நிக்காது. ஒரு பக்கத்தை வெட்டிடுறேன்."

"வெட்டேன். எவளை வெட்டுவே?"

ஜனவரியில் போய்விட்டாள். வீடு முழுக்க ஒரே அமைதி. திட்டு வாங்காத நாட்கள் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நவம்பரில் மகள் ஒஃபேலியா கத்தரிக்கோலோடு வந்தாள். "அப்பா, சிரிக்கிற அம்மா மட்டும் போதுமே." கத்தரிக்கோலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். முறைக்கிறவளோடுதானே நான் குடும்பம் நடத்தியது! சாப்பாட்டு மேஜையோடு சமையலறை மேஜையையும் சேர்த்துப் போட்டுத்தான் படத்தை நிறுத்தினோம். ஆளுக்கொரு ரொட்டி வைத்தேன்.

பண்டிகை முடிந்து பூவெல்லாம் காய்ந்துவிட்டது. படத்தை எடுக்க எனக்குக் கை வரவில்லை. வீட்டில் இருந்த மேஜையெல்லாம் அவர்கள் இருவருக்கே சரியாகிவிட்டதால், நான் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.